பேர் ஒண்ணு, என்ஜின் வேற

இன்னிக்கு எபிசோடை ஒரு அட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். டிவி வர்ற பெட்டியைக் கிழிச்சு எடுத்த சாதாரண அட்டை.

ஈரோடு பக்கத்துல எங்க மாமாவுக்கு ஒரு கார் பட்டறை இருக்கு. சின்ன வயசுல முழுப்பரிட்சை லீவு விட்டா நான் அங்கதான் கிடப்பேன். பழைய பெட்ரோல் அம்பாசடர்ல மேட்டடார் டீசல் என்ஜினை ஏத்தித் தரச் சொல்லி ஆட்கள் வருவாங்க. என்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி மாமா அட்டையில அதோட வடிவத்தை மார்க்கர்ல வரைவார். எந்த இடத்துல இருந்து போல்ட் கழட்டுறாரோ, அட்டையில அதே இடத்துல ஓட்டை போட்டு அந்த போல்ட்டைச் சொருகிடுவார். ஒவ்வொரு வயருக்கும் வெள்ளை டேப் சுத்தி பேனாவால நம்பர். ஹோஸ் ரெண்டு பக்கமும் பெயின்ட் புள்ளி. அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது என் வேலை.

ஒரு நாள் அதைக் கீழ போட்டுட்டேன். நாப்பது போல்ட்டு இருக்கும், தரையெல்லாம் உருண்டு ஓடிடுச்சு. மாமா திட்டவே இல்ல. ஒவ்வொரு போல்ட்டா எடுத்து, நீளம் பார்த்து, ஓட்டையில வச்சுப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திரிக்கல. நான் அழுதுட்டே பக்கத்துல உக்காந்திருந்தேன். எல்லாம் போல்ட்டுதானே, எதைப் போட்டா என்னன்னு அப்போ எனக்குப் புரியல.

கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு ஒரு விமான விபத்து விசாரணை அறிக்கையைப் படிச்சப்போ அந்த மத்தியானம் ஞாபகம் வந்துச்சு. அந்த விபத்துதான் இன்னிக்குக் கதை. அதுக்கு முன்னாடி 1908-க்கு ஒரு தடவை போயிட்டு வரணும்.

அந்தக் காலத்துல கார் செய்யுறதுன்னா பெரும்பாலும் கைவேலை. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ரெண்டு கார் அடுத்தடுத்து நின்னாலும் ஒண்ணோட பாகம் இன்னொண்ணுல அப்படியே உக்காராது. ஃபிட்டர் அரத்தை எடுத்துத் தேய்ச்சு, வச்சுப் பார்த்து, மறுபடி தேய்ச்சு உக்கார வைப்பார். ஃபிட்டர்ங்கிற பேரே அதனால வந்ததுதான். பாகம் சேரலைன்னா சேர வைக்கிறவர்.

அமெரிக்காவுல கேடிலாக் கம்பெனியை நடத்திய ஹென்றி லீலண்டுக்கு இந்த அரம் விவகாரமே பிடிக்காது. துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வேலை பழகியவர் அவர். அளவு துல்லியமாக இருந்தால் எந்தப் பாகமும் எந்த வண்டியிலும் உட்காரும் என்பது அவர் கட்சி. அதை 1908-இல் லண்டன் பக்கத்தில் உள்ள ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் எல்லோர் முன்பும் சோதித்துக் காட்டினார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்தான் நடுவர். விற்பனைக்கு இருந்த கேடிலாக் கார்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, தடத்தில் ஓட்டிப் பார்த்து, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 பாகம். மூன்று கார் பாகங்களையும் ஒன்றாகக் கலந்தார்கள். அதில் 89 பாகங்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, டீலரிடம் இருந்த புது ஸ்டாக்கில் இருந்து மாற்றுப் பாகங்களை வைத்தார்கள். அப்புறம் மெக்கானிக்குகளிடம் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் மாதிரி சாதாரணக் கைக்கருவிகளைக் கொடுத்து, திரும்ப மூன்று கார் கட்டுங்கள் என்றார்கள். அரம் கிடையாது.

கட்டினார்கள். வேறு வேறு வண்ணத்துப் பாகங்கள் சேர்ந்து கார்கள் கோமாளிச் சட்டை மாதிரி இருந்தனவாம். ஆனால் மூன்றும் ஸ்டார்ட் ஆயின, மூன்றும் 500 மைல் ஓடின. அந்த வருடத்துக்கான டீவார் கோப்பை கேடிலாக்குக்குக் கிடைத்தது.

பெருசா சினிமா எடுக்கிற அளவுக்கு இல்லைன்னாலும், நம்ம வாழ்க்கையை மாத்தின நாட்கள்ல அதுவும் ஒண்ணுன்னு நான் சொல்லுவேன். கடைக்குப் போய் பார்ட் நம்பர் சொன்னா அதே பாகம் வரும், அது உக்காரும். பேர் ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணு. இந்த நம்பிக்கையை நாம யோசிக்கிறதுகூட இல்ல. நான் ஆபீஸ்ல ஒரு லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணும்போதும் இதே நம்பிக்கையிலதான் என்டர் தட்டுறேன்.

சரி, இப்போ விமானத்துக்கு வருவோம்.

ஜெட் என்ஜினை இறக்கி ஏத்துறதுன்னா, அதைத் தாங்குற பெரிய போல்ட்டுகள் ரொம்பக் கொஞ்சம். வேலை எல்லாம் இணைப்புகள்லதான். எரிபொருள் வர்ற பைப், ஹைட்ராலிக் எண்ணெய் போற பைப், காற்றுக் குழாய், கட்டுக் கட்டா மின்கம்பி. ஒவ்வொண்ணையும் கழட்டணும், குறிச்சு வைக்கணும், புது என்ஜின்ல திரும்ப மாட்டணும், மாட்டினதைப் பார்த்து ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இந்த எண்ணிக்கையே ஒரு பயம். பயத்தைக் குறைக்க நினைச்ச ஒரு முடிவு எங்க கொண்டுபோய் விட்டுச்சுங்கிறதுக்கு 1979 ஒரு சாட்சி.

மெக்டானல் டக்ளஸ் கம்பெனியின் டிசி-10 விமானத்தில் இறக்கையையும் என்ஜினையும் இணைக்கும் பைலான் என்ற பகுதி உண்டு. அதில் சில பேரிங்குகளை மாற்ற வேண்டியிருந்தது. முதலில் என்ஜினை இறக்குங்கள், அப்புறம் பைலானைத் தனியாக இறக்குங்கள் என்பது தயாரிப்பாளர் சொன்ன முறை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். என்ஜினையும் பைலானையும் சேர்த்து ஒரே துண்டாக ஃபோர்க்லிஃப்டில் இறக்கினால் ஒரு விமானத்துக்குச் சுமார் 200 மனித மணி நேரம் மிச்சம். அதைவிட முக்கியமாக, கழற்றி மாட்ட வேண்டிய இணைப்புகள் 79-இலிருந்து 27 ஆகக் குறையும். 52 இணைப்பு குறைந்தால் 52 தப்புக்கு வாய்ப்பு குறைகிறது. பாதுகாப்பை நினைத்தே எடுத்த முடிவுதான். கேட்டா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.

ஆனா ஃபோர்க்லிஃப்ட் அவ்வளவு நுணுக்கமான வேலைக்குச் செஞ்ச வண்டி கிடையாது. அத்தனை எடையைத் தூக்கிட்டு, நூலளவு இடைவெளியில திரும்பப் பொருத்தணும். டல்சா பராமரிப்பு மையத்தில் அப்படிப் பொருத்திய ஒரு விமானத்தில் பைலானின் பின்பக்க விளிம்பு இடிபட்டு விரிசல் விட்டது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எட்டு வாரம் அந்த விரிசலோடு பறந்தது. 1979 மே 25 அன்று சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் டேக்-ஆஃப் ஆகும் அதே கணத்தில் இடது என்ஜின் பைலானோடு பிய்த்துக்கொண்டு இறக்கைக்கு மேலாகப் புரண்டு விழுந்தது. போகும்போது அந்த இறக்கையின் ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துவிட்டது. அரை நிமிடத்தில் விமானம் தரையில். உள்ளே இருந்த 271 பேரும், கீழே இருந்த 2 பேரும் இறந்தார்கள். அதே முறையில் என்ஜின் இறக்கிய வேறு சில டிசி-10 விமானங்களிலும் விரிசல் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இந்த விபத்தைப் பத்தித் தனி எபிசோடே பண்ணலாம். இன்னிக்கு எனக்கு வேண்டியது அந்த 79-ங்கிற நம்பர் மட்டும். ஒவ்வொரு இணைப்பும் ஒரு கேள்வி. இப்போ கதையோட நடுப்பகுதிக்கு வந்துட்டோம்.

2001 ஆகஸ்ட். கனடாவின் ஏர் டிரான்சாட் நிறுவனம். மாண்ட்ரியல் பக்கத்தில் மிராபெலில் அவர்களுடைய ஹேங்கர். அங்கே ஏர்பஸ் ஏ330 ஒன்று நிற்கிறது. வலது என்ஜினின் எண்ணெய் அமைப்பில் உலோகத் துகள்கள் தென்பட்டன. உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். என்ஜினை மாற்றியாக வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் கொடுத்து வைத்திருந்த ஒரு மாற்று என்ஜின் கைவசம் இருந்தது. அதே ட்ரென்ட் 700 வகை. பேரும் அதேதான்.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லணும். மாற்று என்ஜின்னு வர்றது எல்லாப் பாகத்தோடயும் வராது. ஹைட்ராலிக் பம்ப் மாதிரி சிலதைப் பழைய என்ஜின்ல இருந்து கழட்டி இதுல மாட்டிக்கணும். வீடு மாறும்போது ஃபேனைக் கழட்டி எடுத்துட்டுப் போறோமே, அந்த மாதிரி.

ரோல்ஸ் ராய்ஸ் அந்த என்ஜின் வகையில் ஒரு மாற்றம் கொண்டு வந்திருந்தது. ஹைட்ராலிக் பம்ப் புது வடிவத்துக்கு மாறியது. பம்ப் வடிவம் மாறினதால் பக்கத்தில் ஓடும் எரிபொருள் பைப்பின் வளைவும் மாற வேண்டியிருந்தது. ஹைட்ராலிக் பைப்பும் மாற வேண்டியிருந்தது. பம்ப், எரிபொருள் பைப், ஹைட்ராலிக் பைப், மூணும் ஒரு செட். இதையெல்லாம் சர்வீஸ் புல்லட்டின் என்ற ஆவணத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஏர் டிரான்சாட்டிடம் இருந்த என்ஜின்கள் எல்லாம் மாற்றத்துக்குப் பிந்தையவை. வந்து நின்ற மாற்று என்ஜின் மாற்றத்துக்கு முந்தையது.

வித்தியாசம் ரகசியம் ஒண்ணும் இல்ல. என்ஜினோட காகிதங்கள்ல அது எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு. ரெண்டு என்ஜினோட பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்த்திருந்தா, ஸ்பேனரைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அப்படி யாரும் ஒப்பிடல. பேர் ஒண்ணுதானே.

வேலை ஆரம்பமானது. பழைய என்ஜினில் இருந்து பம்பைக் கழற்றி மாற்று என்ஜினில் வைத்தார்கள். உட்காரவில்லை. எரிபொருள் பைப் இடிக்கிறது.

இப்போ அந்தத் தலைமை டெக்னீஷியனை நினைச்சுப் பாருங்க. அறிக்கையில அவர் பேர் இல்ல. விசாரணை அறிக்கைகள்ல பேர் போடுறது வழக்கம் இல்ல. ஆனா அவர் என்ன செஞ்சார்ங்கிறது இருக்கு. பாகம் உக்காரலைன்னதும் அவர் சுத்தியல் எடுக்கல. பாகங்களோட படப் பட்டியலைத் திறந்தார். அங்க அந்த சர்வீஸ் புல்லட்டினோட நம்பர் இருந்துச்சு. ஓ, இது ஏதோ மாற்றம் செஞ்ச விஷயம்னு கண்டுபிடிச்சுட்டார். அந்த புல்லட்டினைப் படிக்கணும்னு கம்ப்யூட்டர்ல தேடினார். நெட்வொர்க் பிரச்சினை, ஆவணம் திறக்கல. உடனே கம்பெனியோட பராமரிப்புக் கட்டுப்பாட்டு மையத்துக்கு ஃபோன் பண்ணி, அங்க இருந்த பொறியாளர்கிட்ட பேசினார்.

நின்னார், தேடினார், கேட்டார். நாம ஒரு நல்ல இன்ஜினியர்கிட்ட எதிர்பார்க்கிற மூணும் இதுதான். எத்தனை ராத்திரி இந்த மூணுல ஒண்ணுகூடச் செய்யாம நான் வேலை முடிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும்.

ஆனா நேரம் போயிட்டிருந்துச்சு. அந்த விமானம் குறிச்ச நேரத்துக்குப் பறக்கணும். ஹேங்கர்ல வேற ஒரு நிகழ்ச்சி இருந்துச்சு, அதுக்கு இடத்தைக் காலி பண்ணணும். இது ரெண்டும் அறிக்கையிலயே இருக்கு. ஃபோன்ல பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. இடிக்கிறது எரிபொருள் பைப்தானே? பழைய என்ஜின்ல இருக்குற எரிபொருள் பைப்பை எடுத்து இதுல மாட்டிடலாம். மாட்டினாங்க. பம்ப் உக்காந்துடுச்சு.

மூணுல ரெண்டு மாறிடுச்சு. மூணாவது, அந்த ஹைட்ராலிக் பைப், பழசாவே இருந்துச்சு.

புது வளைவுள்ள எரிபொருள் பைப்பும் பழைய வளைவுள்ள ஹைட்ராலிக் பைப்பும் ஒன்றை ஒன்று உரசும் அளவுக்குப் பக்கத்தில் வந்தன. ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். ஹைட்ராலிக் பைப்பைக் கையால் கொஞ்சம் நகர்த்திப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினார்கள். இடைவெளி கிடைத்தது, கண்ணால் பார்த்தால் சரியாகவே இருந்தது. வேலை முடிந்தது.

1908-ல ப்ரூக்லண்ட்ஸ்ல அரத்தைத் தடை பண்ணினாங்கல்ல? கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு அதே பழைய ஃபிட்டர் கை திரும்ப வந்துடுச்சு. சேரலைன்னா சேர வை. ஃபிட்டர் தேய்ச்சா இரும்பு தேயும், தேய்ஞ்சது தேய்ஞ்சபடி நிக்கும். இது அழுத்தம் ஏறுற பைப். உள்ள ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம் வந்ததும், இழுத்துப் பிடிச்ச இடத்துல இருந்து தன்னோட இயல்பான வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பிடுச்சு. எரிபொருள் பைப் மேல சாஞ்சு, ஒவ்வொரு பறப்புலயும் அதிர்வுல உரசிட்டே இருந்துச்சு.

ஆகஸ்ட் 23 இரவு, அதே விமானம் ஏர் டிரான்சாட் 236 என்ற எண்ணில் டொராண்டோவில் இருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்டது. பயணிகள் 293 பேர், ஊழியர்கள் 13 பேர். கேப்டன் ரோபேர் பிஷே, துணை விமானி டிர்க் டி யாகர். விதி கேட்பதைவிடச் சில டன் கூடுதலாகவே எரிபொருள் இருந்தது. என்ஜின் மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

நேரமெல்லாம் இனிமே கிரீன்விச் நேரத்துல சொல்றேன். அட்லாண்டிக் நடுவில் உரசிய இடம் கிழிந்தது. எரிபொருள் கொட்ட ஆரம்பித்தது. காலை 5 மணி தாண்டியதும் விமானி அறையில் வந்த முதல் அறிகுறி எரிபொருளைப் பற்றியதே கிடையாது. வலது என்ஜினில் எண்ணெயின் வெப்பம் குறைவு, எண்ணெய் அழுத்தம் அதிகம். ஏன்னா அந்த என்ஜின்ல எரிபொருளை வச்சுத்தான் எண்ணெயைக் குளிர்விக்கிறாங்க. பைப் கிழிஞ்சதால எரிபொருள் வேகமா ஓடுது, எண்ணெய் வழக்கத்தைவிடக் குளிர்ந்துடுச்சு. கோளாறு ஒரு இடம், அலாரம் இன்னொரு இடம். ப்ரொடக்‌ஷன்ல லாக் பார்த்துக் கண்ணு வீங்கினவங்களுக்கு இது நல்லாப் புரியும். விமானிகள் அதை சென்சார் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள்.

5.36-க்கு வேறொரு செய்தி. இடது, வலது டேங்குகளில் எரிபொருள் சமமாக இல்லை. இதற்குப் பழக்கப்பட்ட வழி, நடுவில் உள்ள வால்வைத் திறந்து அதிகம் இருக்கும் பக்கத்தில் இருந்து குறைவான பக்கத்து என்ஜினுக்கு ஊட்டுவது. கையேட்டைப் பார்க்காமல் ஞாபகத்தில் இருந்தே அதைச் செய்தார்கள். கசிவு இருக்கலாம் என்றால் வால்வைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கை கையேட்டில் இருந்தது. திறந்ததும், நன்றாக இருந்த இடது பக்க எரிபொருளும் வலது பக்கக் கிழிசல் வழியாகக் கடலுக்குப் போக ஆரம்பித்தது.

கவனிச்சீங்களா, ஹேங்கர்ல நடந்ததும் காக்பிட்ல நடந்ததும் ஒரே மாதிரி. தெரிஞ்ச பிரச்சினை மாதிரி இருந்துச்சு, தெரிஞ்ச மருந்தைக் கொடுத்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. பறந்துட்டிருக்கும்போது இவ்வளவு எரிபொருள் எப்படிக் காணாமப் போகும்? கம்ப்யூட்டர் தப்பா காட்டுதுன்னுதான் யாருக்கும் முதல்ல தோணும்.

ஆனாலும் 5.45-க்கே பிஷே ஒரு நல்ல முடிவு எடுத்தார். அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் டெர்சேரா தீவில் இருக்கும் லாஜெஸ் விமானத் தளத்துக்குத் திரும்பினார்கள். 6.13-க்கு வலது என்ஜின் நின்றது. 6.26-க்கு இடது என்ஜினும் நின்றது. லாஜெஸ் இன்னும் சுமார் 120 கிலோமீட்டர்.

ரெண்டு என்ஜினும் இல்லாத ஏ330 ஒரு பெரிய கிளைடர். காற்றில் சுழலும் ஒரு சின்ன விசிறி வெளியே வந்து அத்தியாவசியக் கருவிகளுக்கு மட்டும் சக்தி கொடுத்தது. பயணிகள் பகுதி இருட்டு. லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லிவிட்டார்கள், கடலில் இறங்க நேரலாம் என்று. 19 நிமிடம் அந்த நிலையில் மிதந்து வந்தார்கள். தீவு பக்கத்தில் வந்தபோது உயரம் அதிகமாக இருந்ததால் ஒரு முழு வட்டம் அடித்து உயரத்தைக் குறைத்தார் பிஷே. 6.45-க்கு, வழக்கத்தைவிட மிக அதிக வேகத்தில், மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டரில் ஓடுபாதையைத் தொட்டு, ஒரு துள்ளு துள்ளி, முழு பிரேக்கில் டயர்கள் வெடிக்க ஓடுபாதைக்குள்ளேயே நின்றது. 306 பேரும் உயிரோடு இறங்கினார்கள். 18 பேருக்குக் காயம், அதில் 2 பேருக்குப் பலத்த காயம்.

பயணிகள் ஜெட் விமானம் ஒன்று என்ஜின் இல்லாமல் இவ்வளவு தூரம் மிதந்து வந்தது ஒரு சாதனை. பிஷே கனடா திரும்பியபோது ஹீரோ. அவரைப் பற்றிப் படம்கூட வந்தது. எனக்கு என்னமோ அந்த ஹேங்கர் டெக்னீஷியன்தான் மண்டைக்குள்ளயே நிக்கிறார். அன்னிக்குக் காலையில செய்தி வந்தப்போ, எந்த விமானம், எந்த என்ஜின்னு கேட்டப்போ, அவருக்கு அந்த ஹைட்ராலிக் பைப் எப்போ ஞாபகம் வந்திருக்கும்?

இது ஏன் என்னை இவ்வளவு குடையுதுன்னா, எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை உண்டு. கம்பெனி பேர் வேண்டாம். பழைய சர்வர்ல இருந்து புதுசுக்கு ஒரு ஆர்டர் சிஸ்டத்தை மாத்திட்டிருந்தோம். ஒரு லைப்ரரி, பேர் அதேதான், ஆனா இன்னொண்ணு எதிர்பார்க்கிற வெர்ஷன் இல்லைன்னு எர்ரர். என்ன மாறியிருக்குன்னு குறிப்பைப் படிச்சிருக்கலாம். மணி ஒன்பதரை. கமாண்ட் கடைசியில ஃபோர்ஸ்னு ஒரு வார்த்தை சேர்த்தேன். இன்ஸ்டால் ஆயிடுச்சு. டெஸ்ட் எல்லாம் பச்சை. வீட்டுக்குப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கூட்டம் ஏறினதும், சில ஆர்டர்கள் ரெண்டு ரெண்டு தடவை பதிவாச்சு. ஆட்களோட பணம் ரெண்டு தடவை போச்சு. மாசக் கடைசி வேற. ஒருத்தர் எழுதியிருந்தார், வாடகைக்கு வச்சிருந்த பணம்னு. மேனேஜர் கேட்டப்போ, நெட்வொர்க்ல ஏதோன்னு நினைக்கிறேன்னு சொன்னேன். எனக்கு அந்த ஃபோர்ஸ் ஞாபகம் இருந்துச்சு. உண்மையைச் சொல்ல மூணு நாள் ஆச்சு. பணம் எல்லாருக்கும் திரும்பப் போச்சு. அந்த மூணு நாளை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்போ உங்ககிட்ட சொல்றேன்.

திரும்ப அறிக்கைக்கு வர்றேன். விபத்து நடந்தது போர்ச்சுகல் மண்ணில் என்பதால் அந்த நாட்டு விமான விபத்து விசாரணை அமைப்புதான் விசாரித்தது. பைப் தப்பு என்று எழுதி முடித்திருக்கலாம், செய்யவில்லை. மாற்று என்ஜின் வந்து இறங்கியபோது அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒப்பிடும் ஏற்பாடே சரியாக இல்லாதது, ஆவணம் திறக்காதது, வாய்மொழி ஆலோசனையை நம்பியது, நேர நெருக்கடி, இதுக்கு முன் இப்படிப் பொருந்தாத என்ஜினைப் பார்த்ததே இல்லாத அனுபவம், வால்வைத் திறந்த விமானிகள், எல்லாம் வரிசையாக இருக்கிறது. கனடா அரசு ஏர் டிரான்சாட்டுக்கு 2,50,000 கனடிய டாலர் அபராதம் போட்டது. அதுவரை அந்த நாட்டில் ஒரு விமான நிறுவனத்துக்குப் போட்டதில் அதுதான் பெரிய தொகை. வால்வைத் திறக்கும் முன் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதை விமானக் கையேடுகளில் அழுத்தமாகச் சேர்க்கச் சொல்லி உத்தரவு போனது.

கோபம் வர்ற ஒரு வரியும் அந்த அறிக்கையில இருக்கு, எனக்கு மட்டும்தானான்னு தெரியல. அனுபவம்தான் அவங்களை ஏமாத்துச்சுங்கிறதுதான் அதோட சாரம். அவங்க மாட்டின என்ஜின் எல்லாம் அதுவரைக்கும் சரியா உக்காந்திருக்கு. 1908-ல லீலண்ட் கனவு கண்ட மாதிரியே. அந்தக் கனவு ரொம்ப நல்லா பலிச்சதாலதான், பலிக்காத ஒரு நாள்ல என்ன செய்யணும்னு யாருக்கும் பழக்கம் இல்லாமப் போச்சு. எங்க மாமா காலத்து பட்டறையில எதுவுமே பேருக்கு ஏத்த மாதிரி இருக்காது. அம்பாசடர்னு ரெண்டு வண்டி வந்தா ரெண்டும் வேற வேற ஆட்கள் கை வச்ச வண்டி. அதனால அவர் எதையும் நம்பாம அட்டை வச்சிருந்தார்.

போன வாரம் இந்த எபிசோடுக்காக அவருக்கு ஃபோன் பண்ணினேன். இப்போ வயசாயிடுச்சு, பட்டறையைப் பையன் பார்த்துக்கிறான். முழுக் கதையும் சொன்னேன். பம்ப் இடிச்சதுன்னு சொன்னதுமே, "பைப்பை மாத்தியிருப்பாங்களே மாப்ள"ன்னார். மாத்தினாங்க மாமா, ஒண்ணை மட்டும்னேன். "ஜோடி பைப்பு என்ன ஆச்சு?"ன்னு உடனே கேட்டார். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவே இல்ல. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அந்தப் பையனுக்கு வேலை போயிடுச்சா?"

அது எங்கயும் எழுதலை மாமான்னு சொன்னேன். விமானம் என்ன ஆச்சுன்னு கேட்டார். சரி பண்ணி, அதே கம்பெனியிலயே திரும்பவும் பல வருஷம் பறந்துச்சுன்னேன்.

"பைப்பு மூணையும் சரியாப் போட்டு?"

ஆமா மாமா, மூணையும் சரியாப் போட்டு.